மைனஸ் ஆறரை

ஆறு மணி வரைக்கும் கண்ணைத் திறக்க வேண்டாம், முடிந்தால் தூங்குங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார், தூங்க ஒரு மாத்திரைகூடக் கொடுத்தார், ஆனால் கண்ணை மூடிக்கொள் என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு தூக்கம் எங்கிருந்து வரும், மூடிய இமைக்குப் பின்னால் நான் முழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன், முகத்தின் மேல் அவர்கள் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி, அதற்குள் ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து முடித்த மாதிரி எரிச்சல், கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணை உறையை நனைக்கிறது. தேய்க்கக் கூடாது. எது வேண்டுமானாலும் செய்யுங்கள், தேய்க்க மட்டும் கூடாது என்று நர்ஸும் சொன்னாள், டாக்டரம்மாவும் சொன்னார், காரில் வரும்போது அவிநாசி தாண்டுவதற்குள் இவர் நான்கு முறை சொன்னார். சொல்லச் சொல்லக் கை தானாக எழுந்து வருகிறது. எழுந்து வந்த கை மூக்கின் மேல் எதையோ மேலே தள்ளப் பார்க்கிறது, அங்கே தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை, இருபத்தாறு வருடமாகத் தள்ளிக்கொண்டிருந்த விரல் அது, அதற்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் விட்டது. அரிசிக்கு இரண்டுதான் வைக்க வேண்டும். "ஏனுங்க, அடுப்பை அணைச்சுருங்க" என்றேன். "நீ பேசாம படு, எனக்குத் தெரியும்" என்றார். நான்காவது விசிலும் வந்தது. இன்றைக்குக் குழைந்த சோறு. பரவாயில்லை, ரசத்தோடு நன்றாகத்தான் இருக்கும். என்னவோ தெரியவில்லை, எரிகிறது, பயமாகவும் இருக்கிறது, ஆனால் உள்ளுக்குள் எங்கோ ஒரு இடத்தில் சந்தோஷமாகவும் இருக்கிறது, காய்ச்சல் விட்ட நாள் மத்தியானம் போல.

ஆபரேஷன் நடக்கும்போது கண்ணை அசைத்தேனா என்பதுதான் பயம். வலது கண்ணில் ஒன்றும் இல்லை, அது நன்றாக நடந்தது, சொட்டு மருந்து விட்டு மரத்துப்போகச் செய்து, இமை மூடாமல் இருக்க ஒரு கிளிப்பை மாட்டி, மேலிருந்து எதையோ வைத்து அழுத்தினார்கள், அழுத்தியதும் உலகமே அணைந்துபோனது, ஒரு பத்து நொடி இருக்கும், சுத்தமாக ஒன்றுமில்லை, இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. பிறகு வெளிச்சம் வந்தது, பச்சைப் புள்ளி வந்தது, "அந்தப் புள்ளியவே பாருங்க கோகிலவாணி, வேற எங்கயும் பார்க்காதீங்க" என்றார் டாக்டரம்மா, மெஷின் டக் டக் டக்கென்று ஓடியது, தலைமுடி கருகின வாடை அடித்தது, அவர் பக்கத்தில் யாரோ நொடிகளை எண்ணினார்கள், முடிந்துவிட்டது. இடது கண்ணில்தான். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மகள் சஷ்டி சொன்ன வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது, மனசு அந்தப் பக்கம் ஒரு எட்டுப் போய்விட்டு வந்தது, மனசு போனால் கண்ணும் போயிருக்காதா. எழுந்ததும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன், நான் அசைச்சுட்டனுங்களா டாக்டர் என்று. "அசைச்சா மெஷின் கூடவே வரும், ரொம்ப அசைச்சா அதுவே நின்னுரும், உங்களுக்கு நிக்கவே இல்ல" என்றார். நிற்கவே இல்லை. நிற்கவில்லை என்றால் அசைக்கவில்லை. அல்லது கொஞ்சமாக அசைத்திருப்பேன். அது கூடவே வந்திருக்கும். டக் டக் என்ற சத்தத்தில் நடுவே ஒரு டக் தாமதமாக வந்ததோ. இப்படியே போனால் ஆறு மணிக்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இரண்டு தடவை இவர் மருந்து விட வந்தபோது கண்ணைத் திறந்தேன், திறந்த கண்ணால் எதையும் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை, மேலே வெள்ளையாக ஒரு கலங்கல் இருந்தது, அதோடு மூடிக்கொண்டேன். பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. இவர் விட்ட முதல் சொட்டு மூக்கில் விழுந்தது, இரண்டாவது உதட்டில், கசந்தது. "கை நடுங்குது கோகிலா" என்றார். கத்தி வைத்ததோ வெளிச்சம் வைத்ததோ என் கண்ணில், நடுங்குவது இவர் கை.

தெரு முனையில் இருக்கும் நிட்டிங் மெஷின்களின் சத்தம் கேட்கிறது, எப்போதும் கேட்பதுதான், கண் மூடியிருக்கும்போது அது அறைக்குள்ளேயே ஓடுகிறது. அந்த மாதிரி மெஷினில் இருந்து வரும் துணிதான் பதினான்கு வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. எங்கள் கம்பெனியில் பனியன் துணி மேஜைக்கு வரும், டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, ஊசிக் கோடு பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், செக்கிங் வேலை. மற்றவர்கள் துணியைக் கை நீளத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். எனக்குச் சந்தேகம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு துணியை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வேன், ஒரு சாண்கூட இருக்காது, அந்தத் தூரத்தில் என் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் போக முடியாது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக, கோலப்புள்ளி வைத்த மாதிரி நிற்கும். ஊசி உடைந்து ஓடின கோடு இருந்தால் துணி தானாக என்னிடம் வந்து சொல்லும். சூப்பர்வைசர் பிரச்சினையான பீஸை எல்லாம் என் மேஜைக்குத்தான் அனுப்புவார். இதை டாக்டரம்மாவிடம் கேட்டேன், ஒரு மாதத்துக்கு முன்னால், இப்படிக் கிட்ட வெச்சுப் பார்க்கறது போயிருமுங்களா என்று. எல்லோரும் தூரம் தெரியுமா என்று கேட்பார்கள், நீங்கள்தான் கிட்டத்தில் தெரியுமா என்று கேட்கிறீர்கள் என்று சிரித்தார். ஆனால் பொய் சொல்லவில்லை. "மூக்குக்கிட்ட வெச்சுப் பார்க்கிறது இனி முடியாதுங்க. ஒரு முழம் தள்ளி வெச்சா நல்லாத் தெரியும். நாற்பது தாண்டுனா படிக்கக் கண்ணாடி வரும், அது எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். எனக்கு முப்பத்தெட்டு. வீட்டுக்கு வந்து அன்றைக்கு ராத்திரி என் உள்ளங்கையை முகத்தருகே வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சஷ்டி பிறந்தபோது, ஆஸ்பத்திரியில், கண்ணாடி எங்கே வைத்தார்கள் என்று தெரியாமல் அவளைப் பால் குடிக்க நெஞ்சோடு வைத்தபோது, அறை இல்லை, கட்டில் இல்லை, அம்மா ஒரு கலங்கின பச்சைப் புடவை, ஆனால் அந்தக் குழந்தையின் இமை முடி ஒவ்வொன்றும், நெற்றியில் இருந்த பூனை மயிர் ஒவ்வொன்றும், மூக்கு நுனியில் இருந்த வெள்ளைப் பொட்டுகள்கூடத் தெரிந்தன. மைனஸ் ஆறரை பவர் எனக்குக் கொடுத்தது அது. கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான். சஷ்டிக்கு இப்போது பத்து வயது, அவள் முகத்தை ஒரு சாண் தூரத்தில் காட்ட மாட்டாள், துணிதான் இருக்கிறது, துணிக்கு லென்ஸ் இருக்கிறது, மேஜை டிராயரில் எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், நான்தான் எடுத்ததே இல்லை.

ஏழாம் வகுப்பில்தான் எனக்குத் தெரியவில்லை என்பதே தெரிந்தது. அதுவரை தூரத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முகம் தெரியாத இடத்தில் ஒரு சிரிப்பை நானே வைத்துவிடுவேன், நானும் பதிலுக்குச் சிரிப்பேன். கண்ணாடி போட்டு வீட்டுக்கு நடந்த முதல் நாள் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றார், வழக்கம்போலச் சிரித்தேன், பார்த்தால் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்றார்கள், அதைவிட எனக்கு இதுதான் வலித்தது. பெண் பார்க்க வந்த அன்று அம்மா கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டாள், காப்பித் தட்டோடு போனேன், மூன்று சட்டைகள் உட்கார்ந்திருந்தன, நடுவில் ஒரு நீலச் சட்டை, நல்ல உயரமாக, நிதானமான குரலில் என்ன படிச்சிருக்கீங்க என்று கேட்டது, எனக்குப் பிடித்துவிட்டது, சரி என்று சொல்லிவிட்டேன். நிச்சயத்தன்று கண்ணாடியோடு பார்த்தால் நீலச் சட்டை மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர். ஓரத்தில் வாயே திறக்காமல் இருந்த கோடுபோட்ட சட்டைதான் மாப்பிள்ளை. இதை எட்டு வருடம் கழித்துத்தான் இவரிடம் சொன்னேன். இரண்டு நாள் சிரித்தார். மூன்றாவது நாள் அலமாரியில் இருந்த நீலச் சட்டைகள் இரண்டையும் எடுத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்தால் கண்ணுக்குள் எரிகிறது, சிரிக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை, தேய்க்கத்தான் கூடாது.

சஷ்டி சொன்னது இதுதான். பத்து நாளைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை வைத்து, அவளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரை என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், என்னுடைய ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிய அதே வாரம். இவர் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஊதா ஃபிரேமில் வாங்கிக் கொடுத்தார். அவள் அதைப் பெட்டியோடு பைக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, அழாமல், நிதானமாகச் சொன்னாள். "நீ மட்டும் கழட்டிப் போட்டுட்டு வந்துருவ. நான் மட்டும் போட்டுக்கோணுமா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை, கண்ணாடியையும் போடவில்லை. தேதியைத் தள்ளி வைக்கலாமா என்று இவர் கேட்டார். தள்ளி வைத்து என்ன செய்வது, அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை எட்டு வருடமா. அவள் மூக்கில் ஒன்றை வைத்துவிட்டு என் மூக்கில் இருப்பதை நான் எடுத்துவிட்டேன், அது அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும், அழகாக இருக்க ஆசைப்படுகிறாள் அம்மா, கண்ணாடி போட்டால் அசிங்கம்தான் போலிருக்கிறது என்றுதான் தெரியும். அதற்காக இல்லை கண்ணு. கொடிவேரிக்காக. அவளுக்கு ஆறு வயதில் கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போனோம், தண்ணீர் கண்ணாடியை அடித்துக்கொண்டு போய்விடும் என்று கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டு அவளோடு இறங்கினேன். கூட்டம், இரைச்சல், மேலிருந்து கொட்டுகிற வெள்ளை. எந்த இடத்தில் கை விட்டது என்று தெரியவில்லை. சிவப்புக் கவுனைப் பார்த்தேன், பிடித்தேன், கரைக்கு இழுத்துக்கொண்டு பத்து எட்டு நடந்திருப்பேன், அது வீரிட்டு அழுதது, குனிந்து முகத்தருகே பார்த்தால் யாரோ ஒரு குழந்தை. நிமிர்ந்தேன். எல்லாம் கலர் கலராக அசைகிறது, எதற்கும் முகம் இல்லை, சஷ்டீ என்று கத்துகிறேன், தண்ணீர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்று நிமிஷமோ நான்கோ. பிறகு இவர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு முடிவு செய்தது, செய்ய நான்கு வருடம் ஆனது. இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. பெற்ற பிள்ளையே கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் போன கதையை எப்படிச் சொல்வது.

படியில் பை உரசும் சத்தம், ஷூவை உதறும் சத்தம், வந்துவிட்டாள், நாலேகால். இவர் அவளிடம் வாசலிலேயே ஏதோ மெதுவாகச் சொல்கிறார், சத்தம் போடாதே என்பதாக இருக்கும். "நான் பால் வாங்கிட்டு வந்தர்றேன், அம்மாளுக்கு நாலரைக்கு மருந்து விடோணும்" என்று சொல்லிவிட்டுக் கீழே போகிறார். குழாய்ச் சத்தம் கேட்டு நிற்கிறது, அவள் கதவருகில் வந்து நிற்கிறாள். மூச்சு தெரிகிறது. எவ்வளவு நேரம் நிற்பாள். நான் தூங்குவதாக நினைத்துப் போய்விடுவாளோ என்று பயந்து விரலை அசைத்தேன்.

"முழிச்சுட்டுத்தான் இருக்கயா?"

"ஆமாம் சாமி."

"வலிக்குதா?"

"எரியுது. வலி இல்ல."

கட்டிலின் ஓரம் அமுங்கியது. மருந்து பாட்டிலை எடுத்துக் குலுக்குகிறாள், மூடியைத் திறக்கிறாள், அப்பா வரட்டும் என்று நான் சொல்லப்போனேன், சொல்லவில்லை. "கையக் கழுவிட்டயா?" என்று மட்டும் கேட்டேன். "ஸ்கூல்ல இருந்து வந்ததுமே கழுவிட்டேன்." கறுப்புக் கண்ணாடியை அவளே எடுத்தாள், என் கீழ் இமையை ஒரு விரலால் இழுத்தாள், சில்லென்று ஒரு சொட்டு, சரியாக நடுவில். அடுத்த கண்ணிலும் அப்படியே. மூடிக்கொண்டேன். பத்து வயதுக் கை, நடுக்கமே இல்லை.

"எனக்கும் பெரிசானா இத பண்ணுவாங்களா?"

"பதினெட்டு தாண்டோணும். பவர் ஏறாம நிக்கோணும். உன் கண்ணு அதுக்கு ஒத்துக்கோணும், எல்லாத்துக்கும் ஒத்துக்கிறதில்லையாம். அப்பறம் உனக்கு வேணும்னு தோணோணும்."

"தோணலைன்னா?"

"போட்டுக்கிட்டே இரு. நான் இருபத்தாறு வருஷம் போட்டிருந்தேன். என்ன கெட்டுப்போச்சு?"

"அப்ப எதுக்கு நீ பண்ணிக்கிட்ட?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சுலபமாக இருந்தது, அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டியதில்லை. கொடிவேரி, தண்ணீர், கை விட்டது, சிவப்புக் கவுன். சொல்லி முடித்துவிட்டு அடுத்து என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள். "எனக்கு ஞாபகம் இருக்குது." எப்படி இருக்கும், ஆறு வயது. "நீ அந்தப் புள்ளைய இழுத்துட்டுப் போனயில்ல, நான் உன் பின்னாடியேதான் வந்தேன். அம்மா அம்மான்னு கூப்பிட்டேன். நீ திரும்பி என்னையப் பார்த்த. பார்த்துட்டு மறுபடியும் அந்தப் பக்கம் தேடுன. நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன், அதனாலதான் பேச மாட்டீங்கறன்னு நெனச்சுட்டேன்." நான்கு வருடம். என் மேஜையில் ஒரு நூல் தப்பாது என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், நான்கு வருடமாக இது வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கையை நீட்டினேன், அவள் தோள் கிடைத்தது, இழுத்துக்கொண்டேன், தலையில் வியர்வையும் சாக்பீஸும் கலந்த வாடை. "நீ ஒண்ணும் பண்ணல சாமி. எனக்குத் தெரியல. என் கண்ணுக்கு நீ தெரியல, அவ்வளவுதான்." "இப்ப எனக்குத் தெரியும்மா. எனக்கும் மூணாவது பெஞ்சுல இருந்து போர்டு அப்படித்தான் இருக்குது" என்றாள். கண்ணில் இருந்து ஓடுவது மருந்தா எரிச்சலா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "அம்மா, அழலாமா? டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று பதறினாள். "தெரியல. அதக் கேக்க மறந்துட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் அங்கேயே தூங்கிப்போனாள் என்று நினைக்கிறேன், நானும் தூங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் இவர் வந்து ஆறு அடிச்சாச்சு என்று எழுப்பினார்.

எழுந்து உட்கார்ந்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். ஒரு நிமிஷம் என்றேன், அப்புறம் இன்னொரு நிமிஷம் என்றேன். இடது கண் அசைந்ததா இல்லையா என்பது இப்போது தெரிந்துவிடும், டக் டக், நிற்கவே இல்லை என்றார், நிற்கவே இல்லை. திறந்தேன். பால் கலந்த தண்ணீருக்குள் இருந்து பார்க்கிற மாதிரி ஒரு புகை, ஆனால் அந்தப் புகைக்குள் மின்விசிறிக்கு மூன்று இறக்கை, சுவரில் காலண்டர், காலண்டரில் தேதி. பதினேழு. ஒரு கண்ணைக் கையால் மறைத்தேன், பதினேழு. இடது கண்ணில் ஓரம் கொஞ்சம் நிழலாடினாலும் பதினேழுதான். "தெரியுதா?" என்று இவர் கேட்டார். தலையை ஆட்டினேன். "வேலை செஞ்சுருச்சா?" என்று சஷ்டி கேட்டாள். "நாளைக்கு டாக்டரம்மா பார்த்துத்தான் சொல்லோணும். ஆனா எனக்கு நீ தெரியற" என்றேன். அவள் அவ்வளவு சுலபமாக நம்பிவிடவில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள், வெயில் இறங்கிவிட்டது, தெரு விளக்கு ஒன்று எரிந்தது, அதைச் சுற்றி பஞ்சு மாதிரி ஒரு வட்டம், வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எதிர்ச் சந்தில் கம்பெனிச் சுவரில் ஆட்கள் தேவை என்று போர்டு. "படி பார்க்கலாம்" என்றாள். ஆட்கள் தேவை, படித்தேன். கீழே டெய்லர், அதையும் படித்தேன். அதற்குக் கீழே போன் நம்பர், சின்னது, புகை மறைத்தது. "உனக்குத் தெரியுதா?" என்றேன். அவள் கண்ணைச் சுருக்கினாள், இன்னும் சுருக்கினாள். பிறகு உள்ளே ஓடினாள், பை ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது, ஊதா ஃபிரேமை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள், அவள் முகத்தில் அதை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். "ஒம்பது, நாலு, நாலு, மூணு..."

"எட்டு. அது மூணு இல்ல, எட்டு" என்றேன்.

"மூணும்மா. நீ இப்பத்தான் ஆபரேஷன் பண்ணிட்டு வந்திருக்கற. நான் கண்ணாடி போட்டிருக்கறேன்."

"எட்டு மாதிரிதான் இருக்குது."

"அப்பா, நீங்க சொல்லுங்க, நாலாவது நம்பர் மூணா எட்டா?"

இவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தலையை முன்னால் நீட்டினார். பின்னால் இழுத்தார். வாழ்நாளில் கண்ணாடி போட்டதில்லை, எங்கள் வீட்டிலேயே நல்ல கண் இவருக்குத்தான் என்று அவருடைய அம்மா சொல்வார்.

"நம்பரா?" என்றார். "அங்க நம்பர் எங்க இருக்குது?"

சஷ்டி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் கண்ணாடியைக் கழற்றி, நுனிக்காலில் எம்பி, அவர் மூக்கின் மேல் வைத்தாள். ஊதா ஃபிரேம் அவர் முகத்தில் பாதிக்குத்தான் வந்தது. இவர் எதிர்ச் சந்தைப் பார்த்தார், வாயைத் திறந்தபடி ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு தெருவின் அந்த முனை வரைக்கும் மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டே போனார்.

"அடேங்கப்பா" என்றார்.